கிழிந்த கொடியை என்ன செய்வது?

எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், துணி காயப்போடும் கம்பி கட்டிய இரும்புக் குழாயில் ஒரு தேசியக் கொடி தொங்கிக்கொண்டிருந்தது. 2022 ஆகஸ்டில் யாரோ கட்டியது. அதற்கப்புறம் இரண்டு ஐப்பசி மழையும் இரண்டு கத்திரி வெயிலும் பார்த்துவிட்டது. காவி வெளுத்துச் சந்தன நிறத்துக்கு வந்திருந்தது, பச்சை பழைய பாசி மாதிரி ஆகியிருந்தது, காற்றில் அடிபடும் ஓரம் நூல் நூலாகப் பிரிந்து துணிக் கம்பியில் சுற்றிக்கொண்டது. தினம் பத்துப் பேராவது மாடிக்கு வந்து துணி காயப்போடுவார்கள், வடாம் பிழிவார்கள், செல்போனில் பேசுவார்கள். ஒருவரும் அதைக் கழற்றவில்லை. அக்கறை இல்லாமல் இல்லை. கழற்றினால் அது நம் கையில் வந்துவிடும், அப்புறம் அதை எங்கே கொண்டு போய்ப் போடுவது என்கிற பயம்.

ஒருநாள் நானே கழற்றினேன். கீழே இறங்கும்போது இரண்டாம் மாடி அக்கா பார்த்துவிட்டு, "குப்பையில போட்றாதீங்க தம்பி, போலீஸ் கேஸ் ஆயிடும்" என்றார். "அப்ப என்னக்கா பண்றது?" என்றால் அவருக்கும் தெரியவில்லை. அவர் வீட்டுப் பீரோவிலும் பல வருஷமாக ஒரு பருத்திக் கொடி, நடுவில் எலி கடித்த ஓட்டையோடு, மடித்து வைத்தபடியே இருக்கிறதாம்.

விடை ஒன்றும் ரகசியமில்லை. 2002ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதித் தொகுப்பில் இதற்கென்றே ஒரு வரி இருக்கிறது. கொடி சேதமடைந்துவிட்டால் அதை முழுசாக, தனிமையில், முடிந்தால் எரித்து, அல்லது அதன் கண்ணியத்துக்குக் குறைவு வராத வேறு வழியில் அழித்துவிட வேண்டும். அவ்வளவுதான். இதை அக்காவிடம் சொன்னபோது "எரிக்கிறதா!" என்று வாயில் கை வைத்துக்கொண்டார். அவர் அதிர்ந்ததில் தப்பில்லை. கொடியை எரித்தவர் கைது என்று செய்தியில் பார்த்துப் பழகியவர்கள் நாம்.

குழப்பம் வருவதும் இங்கேதான். 1971ஆம் ஆண்டின் தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டம் கொடியை எரிப்பதையும் கிழிப்பதையும் மிதிப்பதையும் குற்றம் என்கிறது, மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அந்தப் பிரிவின் தொடக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: 'பொது இடத்திலோ, பொதுமக்கள் கண்ணில் படும் இடத்திலோ' செய்தால்தான் குற்றம். விதித் தொகுப்பு சொல்வதோ தனிமையில். ஒரே தீக்குச்சிதான், தெருவில் கிழித்தால் குற்றம், கொல்லைப்புறத்தில் கிழித்தால் கடமை. அமெரிக்காவில் இது அப்படியே தலைகீழ். அங்கேயும் பழைய கொடியை எரிக்கத்தான் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் முன்னாள் படைவீரர் சங்கங்கள் ஜூன் 14 கொடி நாளை ஒட்டி ஊரைக் கூட்டி, மரியாதை அணிவகுப்போடு, எல்லோர் கண் முன்னாலும் எரிக்கின்றன. எதிர்ப்பைக் காட்டக் கொடியை எரிப்பதும் கருத்துரிமைதான் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1989இல் சொல்லிவிட்டது. நம் ஊரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கொடியைப் பற்றி விமர்சிக்கலாம், சட்டப்படி அதை மாற்றச் சொல்லிக் கேட்கலாம், அது அவமதிப்பு ஆகாது என்று நம் சட்டமே விளக்கம் கொடுத்திருக்கிறது. துணியின் மேல் கை வைப்பது வேறு கதை.

இந்த விதிகளெல்லாம் எந்தக் காலத்து மனநிலையில் உருவானவை என்று பார்த்தால்தான் இன்றைய சிக்கல் புரியும். அரசியல் நிர்ணய சபை 1947 ஜூலை 22 அன்று மூவர்ணக் கொடியை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேல், சாதாரண ஆள் தன் வீட்டிலோ கடையிலோ நினைத்த நாளில் கொடி ஏற்ற முடியாது. குடியரசு நாள், சுதந்திர நாள் மாதிரி சில நாட்களுக்கு மட்டும் அனுமதி. 1990களில் தொழிலதிபர் நவீன் ஜிண்டால் தன் தொழிற்சாலையில் கொடி ஏற்றப்போக, அதிகாரிகள் தடுக்க, அவர் நீதிமன்றம் போனார். 1995இல் தில்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. வழக்கு மேலே நடந்துகொண்டிருக்கும்போதே அரசு விதிகளைத் தளர்த்தி 2002 ஜனவரி 26 முதல் புதிய தொகுப்பைக் கொண்டுவந்தது. 2004 ஜனவரி 23 அன்று உச்ச நீதிமன்றம், மரியாதையோடு கொடி பறக்கவிடுவது பேச்சுரிமைக்குள் அடங்கும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. கூடவே இன்னொன்றும் சொன்னது: விதித் தொகுப்பு சட்டமன்றம் இயற்றிய சட்டம் ஆகாது, ஆனாலும் கொடியின் கண்ணியத்தைக் காக்கும் அளவுக்கு அதைப் பின்பற்றத்தான் வேண்டும். அதாவது தொகுப்பில் உள்ள ஒவ்வொரு வரியை மீறினாலும் சிறை கிடையாது, 1971 சட்டத்துக்குள் வருவதற்குத்தான் தண்டனை. வாட்ஸ்அப்பில் சுற்றும் 'கொடியை இப்படி வைத்தால் மூன்று வருடம் உள்ளே' வகையறாச் செய்திகள் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்வதே இல்லை.

சரி, அன்றைக்குக் கொடி என்றால் கதர். கையால் நூற்று, கையால் நெய்த துணி, பருத்தியோ கம்பளியோ பட்டோ. இந்தியத் தர நிர்ணயத்தின் வரிசையில் முதல் எண்ணே கொடிக்குத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. துணியின் எடை, இழை எண்ணிக்கை, சாயம் வெயிலுக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு தாங்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. கர்நாடகத்தில் ஹூப்ளியை ஒட்டிய பெங்கேரியில் ஒரு கதர் கிராமத் தொழில் கூட்டமைப்பு இந்தத் தரச் சான்றோடு கொடி செய்கிறது, வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வெள்ளைப் பட்டையின் இரண்டு பக்கமும் அச்சாகும் அசோகச் சக்கரம், 24 ஆரங்களும், ஒன்றின் மேல் ஒன்று பிசகாமல் உட்கார வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரே சக்கரமாகத் தெரிய வேண்டும், இரட்டையாகத் தெரிந்தால் அந்தக் கொடி கழிவு.

2021 டிசம்பர் 30 அன்று விதி திருத்தப்பட்டது. பாலியஸ்டரும் செல்லும், இயந்திரத்தில் நெய்ததும் செல்லும். 2022 ஜூலையில் இன்னொரு திருத்தம்: சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரைதான் என்ற பழைய கட்டுப்பாடு போய், பொதுமக்கள் இரவும் பகலும் பறக்கவிடலாம் என்றானது. அடுத்த மாதமே 'வீடுதோறும் மூவர்ணம்' இயக்கம், ஆகஸ்ட் 13 முதல் 15 வரை. 20 கோடி வீடுகள் என்பது அரசு வைத்த இலக்கு. அஞ்சலகத்திலேயே 25 ரூபாய்க்குக் கொடி கிடைத்தது. கதர்காரர்கள் வயிற்றில் அடிக்கிறார்கள் என்று ஹூப்ளியில் எதிர்ப்பு கிளம்பியது, நாட்டின் உற்சாகத்தில் அது பெரிதாகக் கேட்கவில்லை. எங்கள் மாடியில் கட்டியிருந்த கொடி அந்த வாரத்தில் பிறந்ததுதான். சக்கரம் முட்டை வடிவில் இருந்தது, நீளத்துக்கும் அகலத்துக்கும் இருக்க வேண்டிய 3:2 கணக்கும் சரியாக இல்லை.

எனக்கு அந்த இயக்கத்தின் மேல் கோபம் எதுவும் இல்லை. ஆளுநர் மாளிகைக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் மட்டும் சொந்தமாக இருந்த ஒன்று ரேஷன் கடைக்காரர் வீட்டு வாசலுக்கு வந்தது நல்லதுதான். ஆனால் ஏற்றச் சொன்ன அளவுக்கு இறக்கச் சொல்லவில்லை. இரவில் இறக்க வேண்டாம் என்ற திருத்தம் கைக்கு வசதி, கொடிக்குக் கேடு. முன்பெல்லாம் தினமும் மாலையில் இறக்கும்போது ஒருவர் கை அதன் மேல் படும், ஓரம் பிரிந்திருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். இப்போது கட்டியவர் ஆகஸ்ட் 16 காலையில் வேலைக்குப் போய்விடுகிறார், கொடி அங்கேயே நின்று வெயிலில் சாகிறது. கிழிந்த, கசங்கிய கொடியைக் காட்சிக்கு வைக்கக் கூடாது என்பதும் அதே தொகுப்பில்தான் இருக்கிறது. எரிப்பதற்குப் பயப்படுகிற நாம் இதற்குப் பயப்படுவதில்லை.

ஏற்றுவதில் நடக்கும் தப்புகளைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காவி மேலே என்பது எல்லோருக்கும் தெரியும், சுவரில் செங்குத்தாகத் தொங்கவிடும்போதுதான் தடுமாறுவார்கள்; பார்ப்பவருக்கு இடது பக்கம் காவி வர வேண்டும். ஏற்றும்போது விறுவிறுவென்று, இறக்கும்போது மெதுவாக. அரைக்கம்பம் என்றால் நேராகப் பாதியில் கட்டிவிடக் கூடாது, முதலில் உச்சி வரை ஏற்றி, பிறகு பாதிக்கு இறக்க வேண்டும்; அன்றைக்கு முழுசாக இறக்குவதற்கு முன்னாலும் ஒருமுறை உச்சிக்குப் போய்த்தான் வர வேண்டும். துணியின் மேல் எதுவும் எழுதக் கூடாது, சங்கத்தின் பெயரோ நன்கொடையாளர் பெயரோ. வேறு எந்தக் கொடியோடும் ஒரே கம்பத்தைப் பகிரக் கூடாது. காரின் முன்னால் சின்னக் கம்பு வைத்துப் பறக்கவிடும் உரிமை குடியரசுத் தலைவர், பிரதமர், ஆளுநர், முதல்வர், நீதிபதிகள் என்று ஒரு குறிப்பிட்ட பட்டியலுக்கு மட்டும்தான், பைக்கில் கட்டிக்கொண்டு பறக்கும் தம்பிகள் அதில் வரமாட்டார்கள். உடையாகப் போட்டுக்கொள்ளலாம், இடுப்புக்கு மேலே மட்டும். கைக்குட்டை, குஷன் உறை, உள்ளாடை கூடாது. இது 2005இல் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டது, ஆகவே தண்டனைக்கு உரியது. கொடிக்குள் பூவிதழ் வைத்து முடிச்சுப் போட்டு அவிழ்ப்பது? அதற்கு விதியிலேயே அனுமதி உண்டு.

யார் ஏற்றுவது என்பதிலும் ஒரு கதை இருக்கிறது. 1973 வரை சுதந்திர நாளிலும் மாநிலங்களில் ஆளுநர்தான் ஏற்றினார். முதல்வருக்கு அந்த உரிமை வேண்டும் என்று கேட்டு வாங்கியவர் கருணாநிதி, 1974 ஆகஸ்ட் 15 அன்று புனித ஜார்ஜ் கோட்டையில் ஏற்றினார். அன்றிலிருந்து எல்லா மாநிலங்களிலும் சுதந்திர நாள் முதல்வருக்கு, குடியரசு நாள் ஆளுநருக்கு. அதே தமிழ்நாட்டில் 2020இல், திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவர் சுதந்திர நாளில் கொடி ஏற்ற முடியாமல் போனது. சில நாட்களில் மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் போய் அவரை ஏற்றவைத்தார்கள். கொடி தரையில் பட்டுவிட்டதா என்று உருப்பெருக்கி வைத்துப் பார்க்கிறவர்கள் இதை அவமதிப்புக் கணக்கில் எழுதுவதாகத் தெரியவில்லை.

எது அவமதிப்பு என்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு சுவாரசியமான வழக்கு வந்தது. 2013இல் கோவையில் ஒரு கிறிஸ்துமஸ் விழா, மூவர்ணத்தில் இந்திய வரைபடமும் சக்கரமும் வரைந்த பெரிய கேக்கை வெட்டிப் பங்கிட்டார்கள். கொடியை வெட்டித் தின்றுவிட்டார்கள் என்று புகார். 2021 மார்ச்சில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வழக்கைத் தள்ளுபடி செய்தார். தீர்ப்பில் அவர் எழுப்பிய ஒரு கேள்வி நம் விஷயத்துக்கு நேராக வருகிறது: சுதந்திர நாள் விழாவில் எல்லோருக்கும் கொடி தருகிறார்கள், விழா முடிந்து வெளியே போனதும் யாரும் அதைக் காலமெல்லாம் வைத்துக்கொள்வதில்லை, மற்றக் காகிதக் குப்பையோடு சேர்ந்துவிடுகிறது, அதற்காக வந்த எல்லோரையும் அவமதித்தவர்கள் என்று சொல்லிவிட முடியுமா? நோக்கத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றார். குப்பைத் தொட்டிக்குப் பயந்துபோய்க் கொடியைக் கம்பத்திலேயே விட்டுவைக்கிறவர்கள் ஒருமுறை படிக்க வேண்டிய தீர்ப்பு.

காகிதக் கொடிக்கும் விதி இருக்கத்தான் செய்கிறது. விழா முடிந்ததும் தரையில் எறியக் கூடாது, தனிமையில் அப்புறப்படுத்த வேண்டும். பிளாஸ்டிக் கொடி வேண்டாம் என்று உள்துறை அமைச்சகம் வருடா வருடம் சுற்றறிக்கை அனுப்புகிறது, காரணம் பிளாஸ்டிக் காகிதம் மாதிரி மக்காது, நீண்ட காலம் கிடக்கும், கண்ணியமாக அப்புறப்படுத்துவது கடினம் என்பது. நியாயமான காரணம். ஆனால் பாலியஸ்டர் என்றால் என்ன? தண்ணீர் பாட்டில் செய்யும் அதே பொருள்தான், நூலாக இழுத்து நெய்தது. பிளாஸ்டிக் கொடி வேண்டாம் என்று சொன்ன கையே பாலியஸ்டருக்கு அனுமதி கொடுத்தது, அழிக்கும் விதியை மட்டும் கதர் காலத்தில் எழுதியபடியே விட்டுவிட்டது. இந்த முரண் காகிதத்தில் தெரியாது, தீ வைத்துப் பார்த்தால் தெரியும்.

நாங்கள் வைத்துப் பார்த்தோம். மொட்டை மாடி சரிப்படாது, பக்கத்து நாலு மாடிக் கட்டடத்துச் சமையலறை ஜன்னல்கள் எல்லாம் எங்களைத்தான் பார்க்கின்றன, பிறகு 'பொதுமக்கள் கண்ணில் படும் இடம்' ஆகிவிடும். கீழே மோட்டார் அறைக்குப் பின்னால், மதிலுக்கும் சுவருக்கும் நடுவே ஆறடி இடம் இருக்கிறது. காலை ஐந்தரை மணி. நான், அக்கா, ஒரு பழைய மண் சட்டி. முதலில் அக்கா வீட்டுப் பருத்திக் கொடி. முறைப்படி மடித்தோம்: காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, பிறகு வெள்ளையை இரண்டு பக்கமிருந்தும் சக்கரமும் காவி, பச்சையின் கொஞ்சப் பகுதியும் மட்டும் தெரியும்படி உள்ளே மடிக்க வேண்டும், இரண்டு உள்ளங்கையில் ஏந்திக்கொள்ளும் அளவுக்கு வந்துவிடும். துண்டு துண்டாக வெட்டிப் போடலாமே, அப்போது அது கொடியே இல்லையே என்று நான் முன்னால் யோசித்திருந்தேன்; முழுசாக என்று விதி சொல்வதால் வெட்டவில்லை. சட்டியில் வைத்துக் கற்பூரம் போட்டுப் பற்றவைத்தார் அக்கா. பருத்தி நிதானமாக எரிந்தது, பழைய வேட்டி எரியும் வாசனை. சில நிமிஷத்தில் மடிப்பு மடிப்பாகச் சாம்பல், தொட்டால் உதிரும் சாம்பல். அக்கா அதை முருங்கை மரத்தடியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்.

அப்புறம் மாடிக் கொடி. பாலியஸ்டர் கிட்டத்தட்ட 250 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், எரிவதற்கு முன்னால் உருகும். தீ பட்டதும் துணி பின்வாங்கிச் சுருண்டது, ஏதோ உயிருள்ளது மாதிரி. ஓரத்திலிருந்து கறுப்புச் சொட்டுகள் எரிந்துகொண்டே விழுந்தன. கரும்புகை, தொண்டையைக் கமறும் நெடி, அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனார். தீ தானாக அணைய, மறுபடி பற்றவைக்க, மறுபடி அணைய. கடைசியில் சட்டியின் அடியில் கறுப்பும் பச்சையுமாக ஒரு கட்டி ஒட்டிக்கொண்டது, கத்தியால் சுரண்டினாலும் வரவில்லை. கண்ணியம் என்று எதை நினைத்துக்கொண்டு போனோமோ அதில் கால்வாசி கூட அங்கே இல்லை. வீட்டில் யாரும் இதைச் செய்ய வேண்டாம், காற்றோட்டம் இல்லாத இடத்தில் செய்யவே வேண்டாம்.

அப்படியானால் பாலியஸ்டர் கொடியை என்ன செய்வது? புதைக்கலாம் என்பார்கள். புதைப்பது என்ற சொல் விதியில் இல்லை, 'கண்ணியத்துக்குக் குறைவில்லாத வேறு வழி' என்பதில் அடங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மண்ணுக்குள் அது மக்காது, அடுத்து அஸ்திவாரம் தோண்டுகிறவர் மண்வெட்டியில் மாட்டிக்கொண்டு வரும். 2022க்குப் பின் சில ஊர்களில் மாநகராட்சிகளும் குடியிருப்போர் சங்கங்களும் கொடிகளைத் திரட்டிக்கொண்டார்கள், அதுதான் உருப்படியான வழி என்று நினைக்கிறேன். விற்ற அஞ்சலகமே திரும்ப வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. ஒரு தபால்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி போதும். அது வரைக்கும், வெறும் அழுக்கு என்றால் துவைக்கலாம், துவைப்பதற்குத் தடை எதுவும் இல்லை. நிழலில் காயவைத்து எடுத்து வைத்தால் பாலியஸ்டர் பல ஆகஸ்டுகளுக்கு உழைக்கும். வெளியே கட்டினால் 15ஆம் தேதி மாலையே இறக்கிவிடுங்கள், இரவும் பறக்கலாம் என்பது அனுமதிதான், கட்டளை இல்லை.

எரிக்காமலும் புதைக்காமலும் ஓய்வு பெற்ற கொடி ஒன்று சென்னையில் இருக்கிறது. புனித ஜார்ஜ் கோட்டையில் 1947 ஆகஸ்ட் 15 காலையில் ஏற்றப்பட்ட பட்டுக்கொடி, 12 அடிக்கு 8 அடி, கோட்டை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். அதே கோட்டைக் கம்பத்தில் 1932 ஜனவரி 26 அன்று பாஷ்யம் என்கிற ஆர்யா, வெள்ளைக்காரக் காவலையும் மீறி ஏறி மூவர்ணத்தைக் கட்டினார். அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் திருப்பூரில் குமரன் கையில் கொடியோடு அடி வாங்கி விழுந்து, ஜனவரி 11 அன்று இறந்தார். பாஷ்யம் கட்டிய கொடியை அன்றைக்கே இறக்கியிருப்பார்கள், அதை யாரும் மடித்து எடுத்து வைத்திருக்க மாட்டார்கள்.

அக்காவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் இந்த வருஷம் கதர்க் கடையில் ஒரு சின்னப் பருத்திக் கொடி வாங்கியிருக்கிறார், பால்கனிக்கு. மண் சட்டியை நான் தூக்கிப் போடப் போனபோது தடுத்துவிட்டார். இப்போது அது மோட்டார் அறைக்குள், பழைய பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால், கவிழ்த்து வைத்தபடி இருக்கிறது.